பிழை பொறுக்கும் பலகை

ஆண்டுதோறும் இவ்விழா மேடையில் நம் பிள்ளைகள் ஆடுகின்றனர்; பாடுகின்றனர்; குறள் ஒப்புவிக்கின்றனர். கீழே அமர்ந்திருக்கும் நம் நெஞ்சம் நிறைகின்றது. ஆயினும் விழா முடிந்து வீடு திரும்பும் வழியில், காரின் பின்னிருக்கையில் அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்தான். இதனை நாம் அனைவரும் அறிவோம். அறிந்தும் அறியாதார் போல் இருந்து வருகின்றோம். பாட்டியிடம் பேசவும் பண்டிகை கொண்டாடவும் ஒரு மொழி. ஒரு பொருளைச் செய்யவும், பிரித்துப் பார்க்கவும், பழுது நீக்கவும் வேறொரு மொழி என்று பிள்ளைகள் தம் மனத்தில் பாகம் பிரித்துவிட்டனர். இப்பாகப் பிரிவினை அவர்கள் செய்த குற்றமன்று. நாம் காட்டிய வழி.

இக்கட்டுரையில் அக்குறையைப் பற்றியே எழுத விழைகின்றோம். ஆனால் இலக்கணத்தின் வழியாக அன்று. உள்ளங்கை அளவுள்ள ஒரு மின்னணுப் பலகையின் வழியாக. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வாழும் பெற்றோர் சிலர் ஒன்றுகூடி, பொழுதுபோக்காக மின்னணுவியல் பயில்வோர்க்கென ஒரு மைக்ரோகண்ட்ரோலர் பலகையை வடிவமைத்தோம். முதற்பலகை தோற்றது. இரண்டாவதும் தோற்றது. மூன்றாவது தேறியது. அம்மூன்றும் எங்களுக்குக் கற்பித்த பாடம் மின்னணுவியலுக்கு மட்டுமன்றி, வார இறுதியில் நாம் நடத்தும் தமிழ் வகுப்பிற்கும் பொருந்தும் என்பது எங்கள் கருத்து.

மூன்று ஊர்களின் கதை

மாணவச் செல்வங்களே! மைக்ரோகண்ட்ரோலரைத் தமிழில் நுண்கட்டுப்படுத்தி என்பர். கணக்கிடும் செயலி, நினைவில் வைக்கும் நினைவகம், வெளியுலகோடு தொடர்பு கொள்ளும் வாயில்கள் ஆகிய மூன்றும் ஒரே சில்லில் அடங்கிய சிறு கணிப்பொறி அது. உங்கள் வீட்டுச் சலவை எந்திரத்திலும், மைக்ரோவேவ் அடுப்பிலும், காரின் கதவிலும் அது ஓசையின்றிப் பணிபுரிகின்றது. நீர் நிரம்பியதும் குழாயை அடைப்பதும், குறித்த நேரம் ஆனதும் மணி ஒலிப்பதும் அதன் வேலை.

இக்கருவியின் வரலாறு எங்கோ தொலைவில் நிகழ்ந்ததன்று. இந்நாட்டில் தமிழர் பலர் குடியேறி வாழும் மூன்று இடங்களிலேயே நிகழ்ந்தது. 1947 டிசம்பரில் நியூ ஜெர்சியின் மரே ஹில்லில், பெல் ஆய்வகத்தில், ஜான் பார்டீனும் வால்ட்டர் பிராட்டைனும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். 1958இல் டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில், ஜாக் கில்பி ஒரு முழு மின்சுற்றையே ஒரு துண்டு அரைக்கடத்தியில் அமைத்தார். 1971இல் சாண்டா கிளாராவின் இன்டெல் நிறுவனம் 4004 என்னும் நுண்செயலியை வெளியிட்டது. பின்னர் 1974இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனமே டி.எம்.எஸ். 1000 என்னும் நுண்கட்டுப்படுத்தியை விற்பனைக்குக் கொணர்ந்தது.

அச்சில்லின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று 1978இல் ஒரு விளையாட்டுக் கருவியில் இடம்பெற்றது. 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' என்பது அதன் பெயர். அது ஓர் ஆங்கிலச் சொல்லைக் குரலால் ஒலிக்கும். பிள்ளை அதனை எழுத்துக்கூட்டி விசைகளைத் தட்ட வேண்டும். பிழை நேர்ந்தால் மீண்டும் முயலச் சொல்லும். குரலை உண்டாக்கியது துணையாக அமைந்த வேறொரு சில்லு. ஆகவே, நுண்கட்டுப்படுத்தி தோன்றிய நான்காண்டிற்குள்ளேயே அதனை மொழி கற்பிக்கும் பணியில் அமர்த்தினர். மொழிக்கும் இக்கருவிக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

நாம் வாழும் ஊர்களிலேயே பிறந்து வளர்ந்த ஒரு கலையை, நம்மில் பலர் நாள்தோறும் அலுவலகத்தில் செய்து பொருளீட்டும் ஒரு கலையை, நம் பிள்ளைகள் கடையில் விற்கும் பொருளாக மட்டுமே அறிந்திருப்பது வருந்தத் தக்கது.

பூட்டிய பெட்டி

தமிழ்நாட்டுப் பொறியியற் கல்லூரிகளில் பயின்ற பெற்றோர் பலர் 8085 பயிற்சிப் பெட்டியை மறந்திருக்க மாட்டார்கள். இன்டெல் நிறுவனம் 1976இல் வெளியிட்ட நுண்செயலி அது. கட்டளைகளை எண்களாக மாற்றிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டி உள்ளே ஏற்ற வேண்டும். இறுதியில் 76 என்று இட்டால் செயலி நிற்கும். கூட்டல் கணக்கிற்குச் சரியான விடை சிவப்பு எழுத்துகளில் ஒளிர்ந்தால் அன்றைய ஆய்வு முடிந்தது.

எங்களுள் ஒருவர் பயின்ற கல்லூரியில் நால்வருக்கு ஒரு பெட்டி. அவருள் ஒருவரே விசையைத் தட்டுவார். ஏனைய மூவரும் பார்த்துக் குறிப்பெடுப்பர். பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றை எவரும் கண்டதில்லை. பழுதானால் தண்டம் கட்ட வேண்டும் என்னும் அச்சத்தால், பாடநூலில் இல்லாத எதனையும் எவரும் முயன்றதில்லை. அப்பெட்டியைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. அதனால்தான் நம்மில் பலர் இந்நாட்டில் பணிபுரிகின்றோம். ஆனால் அது அறிவோடு அச்சத்தையும் சேர்த்தே கற்பித்தது. பிழை செய்ய அஞ்சும் மாணவன் கேட்டதைச் செய்வான். கேளாததைச் செய்ய மாட்டான்.

பிறர் அமைத்த பலகைகள்

பொழுதுபோக்காளர்க்கு ஏற்ற பலகையை அமைக்க முனைந்தோர் பலர். 1975 மார்ச்சில் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டின் கார்க் கொட்டகையில் கூடிய 'ஹோம்புரூ' கணிப்பொறிக் கழகத்தினர் இதற்கு முன்னோடிகள். அக்கழகத்தில்தான் ஸ்டீவ் வோஸ்னியாக் தாம் வடிவமைத்த கணிப்பொறியின் சுற்றுப்படத்தைப் படியெடுத்து உறுப்பினர்க்கு வழங்கினார். அறிந்ததை ஒளிக்காமல் கொடுத்தல் என்னும் பண்பு அங்கே வேரூன்றிற்று.

1992இல் கலிஃபோர்னியாவின் பாரலாக்ஸ் நிறுவனம், எளிய பேசிக் மொழியில் கட்டளை எழுதத்தக்க 'பேசிக் ஸ்டாம்ப்' என்னும் சிறு பலகையை வெளியிட்டது. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், வடிவமைப்புப் பயிலும் மாணவர்க்கென ஆசிரியர் சிலர் 'ஆர்டுயினோ' பலகையை உருவாக்கினர். மின்னணுவியல் அறியாதாரும் ஒரு மாலைக்குள் ஒரு விளக்கை மினுக்கச் செய்யலாம் என்று அது காட்டிற்று. அதன் சுற்றுப்படத்தையும் எல்லார்க்கும் திறந்து வைத்தனர்.

ஆர்டுயினோவில் ஒரு வியத்தகு பிழையும் உண்டு. இணைப்புத் துளைகள் ஒன்றுக்கொன்று 0.1 அங்குல இடைவெளியில் அமைவது வழக்கம். ஆனால் அப்பலகையில் 7ஆம் துளைக்கும் 8ஆம் துளைக்கும் இடையே மட்டும் 0.16 அங்குலம் உள்ளது. வரைபடம் தீட்டும்போது அவசரத்தில் நேர்ந்த பிழை அது. அதனைக் கண்டறிவதற்குள் பலர் அப்பலகைக்குப் பொருந்தும் துணைப்பலகைகளைச் செய்துவிட்டனர். திருத்தினால் அவை யாவும் வீணாகும். எனவே பின்வந்த பலகைகளிலும் அவ்விடைவெளி அவ்வாறே நிலைபெற்றது. பிழை செய்தோர் அதனை மறைக்கவில்லை. கற்பவர்க்குச் சொல்லி வைத்தனர். உலகெங்கும் பயிலப்படும் பலகையையே ஒரு பிழையோடு செய்யலாம் எனில், நம் பிள்ளை செய்யும் பிழைக்கு நாம் முகஞ்சுளிப்பது முறையோ?

2010இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் எம்.எஸ்.பி. 430 'லாஞ்ச்பேட்' பலகையை வெளியிட்டது. அன்று அதன் விலை 4 டாலர் 30 சென்ட். அவ்விலையினும் எங்களைக் கவர்ந்தது அதன் நடுவே இருந்த கொண்டி. கட்டளைகளை ஏற்றிய பின்னர் சில்லைக் கொண்டியிலிருந்து பிடுங்கி, தாம் செய்த வேறொரு சுற்றில் பொருத்திக்கொள்ளலாம். அதாவது, மாணவனைத் தன்னோடு கட்டிப் போடாமல், தன்னை விட்டு வெளியேற உதவும் பலகை அது. நல்லாசிரியரின் இலக்கணமும் அதுவே.

எங்கள் முதற்பலகை

எங்கள் பணிக்கு ஏ.டி.மெகா 328 என்னும் சில்லைத் தேர்ந்தோம். 28 கால்கள் உடையது. கால்களுக்கு இடையே 0.1 அங்குல இடைவெளி இருப்பதால், பத்து வயதுப் பிள்ளையும் ஈயம் பற்றவைக்கலாம். கட்டளைகளுக்கு 32 கிலோபைட் நினைவகமும், இயங்கும்போது பயன்படுத்த 2 கிலோபைட் நினைவகமும் உண்டு. இதனினும் விரைவான சில்லுகள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் கால்கள் எறும்பின் கால்களை ஒத்தவை. சிறு கைகளுக்கு ஏற்றவையல்ல.

முதற்பலகையைச் சிக்கனமாக அமைத்தோம். மூன்று சிறு பேட்டரிகள், சில்லு, படிகம், இணைப்புத் துளைகள், வேறொன்றும் இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமையன்று ஒரு சிறுவன் பேட்டரிகளைத் தலைகீழாகப் பொருத்தினான். சில்லு சுட்டது, அத்தோடு மடிந்தது. அடுத்து ஒரு சிறுமி ஒரு காலை வெளியீடாக இயக்கிக்கொண்டே அதனைத் தரை இணைப்போடு நேரே சேர்த்துவிட்டாள். அக்கால் அதன்பின் இயங்கவில்லை. அன்று மாலைக்குள் மூன்று சில்லுகளை இழந்தோம். சில்லுகளின் விலை பெரிதன்று. அச்சிறுமி கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு, "இனி நான் தொட மாட்டேன்" என்று சொன்னதே பேரிழப்பு.

பிழை அவர்களுடையதன்று; எங்களுடையது. பேட்டரியைத் தலைகீழாகப் பொருத்துவது பிள்ளைகள் செய்யக்கூடிய தவறு என்று அறிந்திருந்தும் அதற்கு இடம் வைத்தோம்.

இரண்டாம் பலகை

ஆகவே இரண்டாம் பலகையில் காவலைப் பெருக்கினோம். பேட்டரியின் வழியில் ஒரு ஷாட்கி டயோடு வைத்தோம். மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே செல்லவிடும் உறுப்பு அது. அதனால் ஏறத்தாழ 0.3 வோல்ட் குறைந்தாலும், 4.5 வோல்ட்டில் 4.2 எஞ்சுகின்றது; சில்லு இயங்க அது போதும். யு.எஸ்.பி. வழியாக வரும் மின்சாரத்திற்குத் தானே மீளும் ஃபியூஸ் ஒன்று அமைத்தோம். மிகுதியான மின்னோட்டம் பாய்ந்தால் அது சூடாகி வழியை அடைக்கும். ஆறியதும் மீண்டும் திறக்கும்.

ஒவ்வொரு காலுக்கும் 330 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்தோம். திரைக்குச் செல்லும் இரண்டு கால்கள் மட்டும் இதற்கு விலக்கு. இதன் கணக்கை மாணவர்கள் தாமே செய்து பார்க்கலாம். 5 வோல்ட்டை 330 ஓமால் வகுத்தால் ஏறத்தாழ 15 மில்லி ஆம்பியர் வரும். அச்சில்லின் ஒரு கால் தாங்கும் உச்ச வரம்பு 40. அதனை 20க்குள் வைத்துக்கொள்ளுதல் நலம். ஆகவே காலைத் தரையோடு நேரே சேர்த்தாலும் தீங்கில்லை. சில்லின் மின் கால்களுக்கு அருகே 100 நானோஃபேரட் மின்தேக்கிகளையும் வைத்தோம். குழாய்நீர் சற்றே தடைப்பட்டாலும் சமையல் நிற்காதிருக்க அடுப்பின் அருகே ஒரு குடம் நீர் வைப்பதை ஒத்தது இது.

இவ்வளவில் நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அச்சம் எங்களை விடவில்லை. விளக்குகளையும், பொத்தான்களையும், அவற்றிற்கு வேண்டிய மின்தடைகளையும் பலகையிலேயே நிலையாகப் பொருத்திவிட்டோம். எழுதி முடித்த கட்டளைகளையும் உடன் கொடுத்தோம். பிள்ளைகள் பொத்தானை அழுத்தினர், விளக்கு எரிந்தது. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பதினோராம் நிமிடம் அவர்கள் கைப்பேசியை எடுத்தனர். ஒரு சில்லும் கெடவில்லை. ஒருவரும் ஒன்றும் கற்கவில்லை.

மூன்றாம் பலகை

அப்பொழுதுதான் எங்களுக்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. பிழைகள் இருவகைப்படும். ஒன்று, கருவியையும் மனத்தையும் உடைத்துவிடும் பிழை. மற்றொன்று, ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்கத் தூண்டும் பிழை. முன்னதைப் பலகை தடுத்தல் வேண்டும். பின்னதைப் பலகை மறைத்தல் கூடாது. பொழுதுபோக்காளர்க்கான பலகையை வடிவமைக்கும் கலை முழுவதும் இவ்விரண்டையும் பிரித்தறிவதில் அடங்கியுள்ளது.

மூன்றாம் பலகையில் டயோடு, ஃபியூஸ், தொடர் மின்தடைகள், மின்தேக்கிகள் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டோம். பொத்தானையும் அதற்குரிய மின்தடையையும் பலகையினின்று நீக்கினோம். ஒரு சிறுமி பொத்தானைத் தானே கம்பியால் இணைத்தாள். தொடாமலே விளக்கு மினுக்கிற்று. கையை அருகே கொண்டு சென்றால் இன்னும் வேகமாக மினுக்கிற்று. "உள்ளே பேய் இருக்கிறது" என்றான் அவள் தம்பி. அனைவரும் சிரித்தனர், ஆனால் ஒருவரும் எழுந்து செல்லவில்லை.

பேயன்று, பொத்தான் திறந்திருக்கும்போது அக்கால் எதனோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கின்றது. சுற்றியுள்ள மின்கம்பிகளின் தாக்கமும், நம் கையின் அருகாமையும் அதனை மேலும் கீழும் அசைக்கின்றன. ஒரு 10 கிலோ ஓம் மின்தடை வழியே அக்காலைத் தரையோடு கட்டினால் அசைவு நிற்கும். இதனை நாங்கள் உடனே சொல்லிவிடவில்லை. அவர்கள் முக்கால் மணி நேரம் தேடினர். கண்டறிந்தபோது அச்சிறுமி சொன்ன சொல்: "அம்மா, அதைக் கட்டிப் போடணும்!" ஓர் ஆங்கிலச் சொல்லும் கலவாத வாக்கியம் அது. ஒருவரும் அவளைத் தமிழில் பேசுமாறு ஏவவில்லை.

பலகையில் அச்சிட்ட பெயர்களும் தமிழே. 'மின்', 'தரை', 'உள்', 'வெளி' என்று பொறித்தோம். எழுத்தின் உயரம் சிறிதானால் 'ண'வின் சுழிகள் மையால் அடைபடுவதைக் கண்டு, சற்றுப் பெரிதாகவே பொறித்தோம். ஆங்கிலப் பெயர்களை நாங்கள் மறைக்கவில்லை. அவை கையேட்டில் உள்ளன. ஆனால் தமிழ்ப்பெயர் பொருளைத் தானே விளக்குவதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். மின்சாரத்தைத் தடுப்பது மின்தடை. தேக்கி வைப்பது மின்தேக்கி. ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ய வேண்டிய சொல், தமிழில் கேட்டவுடன் விளங்குகின்றது.

தமிழ் எழுத்தும் புள்ளிகளும்

பலகை தேறியதும் பிள்ளைகள் ஸ்பீக் அண்ட் ஸ்பெல் போன்றதொன்றைத் தமிழுக்குச் செய்ய விரும்பினர். எழுத்து விடுபட்ட சொல்லைத் திரை காட்ட வேண்டும்; 'ல'வா, 'ள'வா, 'ழ'வா என்று மூன்று பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் இரண்டு வரித் திரையை முதலில் வாங்கினோம். அதில் ஆங்கில எழுத்துகள் உண்டு, பெரும்பாலும் ஜப்பானிய எழுத்துகளும் உண்டு, தமிழ் இல்லை. நாமே வரையும் எழுத்துகளுக்கு எட்டு இடங்கள் மட்டுமே. ஒவ்வொன்றும் 5 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம். 'ப'வும் 'ட'வும் அதில் அடங்கின. 'ண'வும் 'ஐ'யும் அடங்கவில்லை.

எனவே 128க்கு 64 என்னும் புள்ளிகள் கொண்ட சிறு திரைக்கு மாறினோம். ஒரு முழுத் திரைக்கு 8192 புள்ளிகள். எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட்டாக 1024 பைட். சில்லின் இயங்கு நினைவகத்தில் சரிபாதி அதற்கே போயிற்று. அடுத்து எழுந்த வினா: 247 எழுத்துகளையும் வரைய வேண்டுமா?

இங்கேதான் தமிழ் வகுப்பு தானாகவே நடந்தது. பிள்ளைகள் தாளில் கணக்கிட்டனர். உயிர் 12, ஆய்தம் 1, அகரம் ஏறிய மெய் 18, ஆக 31. கா, கெ, கே, கை, கி, கீ ஆகியவற்றிற்கு ஆறு குறிகளும், மெய்க்கு ஒரு புள்ளியும் போதும், ஆக 38. உகர, ஊகார எழுத்துகள் தனித்தனி வடிவம் கொள்வதால் அவை 36, ஆக 74. 'டி', 'டீ' இரண்டும் வேறாக அமைவதால் 76. கிரந்த எழுத்துகள் நீங்கலாக, 247 எழுத்தும் 76 வடிவங்களில் அடங்கின. 16க்கு 16 புள்ளிகளில் வரைந்தால் ஒன்றுக்கு 32 பைட். மொத்தம் 2432 பைட். 32 கிலோபைட்டில் அது சிறு பங்கே.

நெடுங்கணக்கை ஆண்டுக்கணக்கில் ஒப்புவித்த பிள்ளைகள், அதன் கட்டமைப்பை அன்றுதான் கண்டனர். அவர்கள் பின்னர் 'ழ'வைப் பதினாறுக்குப் பதினாறு கட்டங்களுக்குள் வரைவதற்கு ஒரு பிற்பகல் முழுவதும் முயன்றனர். நாம் நூறு முறை எழுதச் சொன்னாலும் அவ்வளவு உற்று நோக்கியிருப்பார்களா என்பது ஐயமே.

எழும் வினாக்கள்

நண்பர் சிலர் எங்களிடம் தடை எழுப்பினர். கடையில் 4 டாலருக்கு ஆயத்தப் பலகை கிடைக்கும்போது செய்வானேன் என்பது முதல் வினா. உண்மையே. 2021இல் வெளிவந்த ராஸ்ப்பெரி பை பிக்கோவின் விலை அதுவே. அதன் ஆற்றல் எங்கள் பலகையினும் பன்மடங்கு. விரைவாக ஒரு கருவி வேண்டுவோர் அதனை வாங்கட்டும். எங்கள் பலகைக்கோ, திரையும் சேர்த்து, ஒருவருக்கு ஏறத்தாழ 15 டாலர் ஆயிற்று. ஆனால் வீட்டில் இட்டலி அவிக்கக் கற்பது கடையில் இட்டலி கிடையாது என்பதனால் அன்று. ஒருமுறை தம் கையால் செய்தவர், பின்னர் எதனை வாங்கினாலும் அதன் உள்ளே இருப்பதை அறிவார்.

தமிழ்ப்பள்ளிக்கு இது வேலையா என்பது இரண்டாம் வினா. வாரத்திற்குச் சில மணி நேரமே கிடைக்கின்றது. அதில் எழுத்தும் வாசிப்புமே முடிவதில்லை என்கின்றனர். அக்கவலை நியாயமானது. வகுப்பு நேரத்தை நாங்கள் கேட்கவில்லை. விடுமுறை நாள்களில் ஒரு சில பிற்பகல்களே போதும். தமிழை நாம் பாடமாக மட்டும் வைத்தால், பாடம் முடிந்ததும் அது முடிந்துவிடும். வேலையின் நடுவே வழங்கும் சொல் மட்டுமே நிலைக்கும்.

இக்கலை தமிழில் ஏறுமா என்பது மூன்றாம் வினா. 2010இல் பெர்க்கிலியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 'ரிஸ்க்-ஃபைவ்' என்னும் செயலிக் கட்டளைத் தொகுதியை வகுக்கத் தொடங்கி, பின்னர் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டனர். அதனை ஏற்றுச் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் 'சக்தி' என்னும் செயலிகளை வடிவமைத்தனர். அவ்வரிசையில் 'மௌஷிக்' என்னும் சில்லு, மொகாலியிலுள்ள அரைக்கடத்தி ஆய்வகத்தில் செய்யப்பெற்று, 2020இல் வெளிவந்தது. நம் வீட்டிலிருந்து ஒரு மணித் தொலைவில் விதைத்தது சென்னையில் விளைந்துள்ளது. அடுத்த விடுமுறையில் சென்னை செல்லும்போது, பிள்ளைகளை அண்ணாசாலைக்கு அருகிலுள்ள ரிட்சி தெருவிற்கும் அழைத்துச் செல்லுங்கள். மின்தடையைப் பிடிப்பிடியாக விற்கும் கடைக்காரர் எம்மொழியில் விலை பேசுகின்றார் என்று அவர்கள் கேட்கட்டும்.

எங்கள் வேண்டுகோள்

பெற்றோர்களே! அடுத்த விழாவில் மண்டபத்தின் ஓர் ஓரத்தில் ஒரு நீண்ட மேசை இட வேண்டுமென்று வேண்டுகின்றோம். அங்கே பிள்ளைகள் தாம் செய்த பலகைகளை வைத்து, வருவோர்க்குத் தமிழில் விளக்கட்டும். அதற்கு முன், கோடை விடுமுறையில் இருவருக்கு ஒரு பலகையாகச் செய்யப் பழக்குவோம். ஈயம் கலவாத பற்றுக்கம்பி, கண்ணாடிக் காப்பு, முடிந்ததும் கை கழுவுதல் ஆகியவற்றைத் தவறாது கடைப்பிடிப்போம். சுற்றுப்படத்தையும் கையேட்டையும் எவர் கேட்டாலும் கொடுப்போம்.

பெற்றோர்க்கு ஒரே ஒரு விதி. கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பிள்ளை தடுமாறும்போது பற்றுக்கோலைப் பிடுங்கித் தாமே பற்றவைக்கும் தந்தையர் எங்களுள்ளும் இருந்தனர். அவர்கள் வீட்டில் அழகிய பலகை உள்ளது. அதனைச் செய்த பிள்ளைதான் இல்லை.

இறுதியாக, நாங்கள் கற்ற பாடத்தை வகுப்பறைக்கும் கொண்டு வருவோம். பிள்ளை 'பழம்' என்பதைப் 'பலம்' என்று சொன்னால் அது கற்பிக்கும் பிழை. அதனைப் பொறுமையுடன் கேட்டுத் திருத்தலாம். அதனைக் கேட்டு உறவினர் கூடிச் சிரித்தால் அஃது அழிக்கும் பிழை; அப்பிழை பிள்ளையுடையதன்று, நம்முடையது. அச்சிரிப்பிற்குப் பின் பிள்ளை தமிழில் வாய் திறப்பதில்லை. முதற்பலகையைத் தொட மறுத்த சிறுமியைப் போலக் கைகளைப் பின்னே கட்டிக்கொள்கின்றது. நம் பிள்ளைகள் பலர் தமிழில் பேசாமைக்கு அறியாமையினும் அவ்வச்சமே பெருங்காரணம் என்று கருதுகின்றோம்.

அச்சிறுமி மீண்டும் வந்தாள். இப்பொழுது தன் தம்பிக்குப் பேட்டரி பொருத்தக் கற்பிக்கின்றாள். அவன் அதனைத் தலைகீழாகப் பொருத்தினான், ஒன்றும் நேரவில்லை. "திருப்பிப் போடு" என்றாள் அவள். விளக்கு எரிந்தது.